பதினோராவது பாட்டு

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இடைசெவல் தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர், அவ்வளவு போதும். மறுபடியும் அங்கே அம்மன் கோயில் கொடைக்குப் பாடப் போக வேண்டியவள் நான்.

பாட்டின் பெயரையும் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் யாருமே அதைச் சொல்வதில்லை. மேலத்தெருக்காரர்களும் ‘அந்தப் பாட்டு’ என்பார்கள், கீழத்தெருக்காரர்களும் ‘அந்தப் பாட்டு’ என்பார்கள். சினிமாப் பாட்டுதான். எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் இந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. அதில் வருகிற ஒரு வரியை மேலத்தெரு தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கீழத்தெருவுக்கு அது வசவாகிவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு குழு கொடைக் கச்சேரியில் அதைப் பாடப்போய், பிளாஸ்டிக் நாற்காலிகள் நொறுங்கி, மூன்று பேருக்கு மண்டை உடைந்து, இனிமேல் கச்சேரியே வேண்டாம் என்று ஆனது.

இந்த வைகாசியில்தான் திரும்பவும் அனுமதி கொடுத்தார்கள். அதுவும் சும்மா இல்லை. ஸ்டேஷனில் ஒரு தாளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அதில் பதினான்கு பாட்டு. ‘மேற்கண்ட பாடல்களைப் பாடவோ இசைக்கவோ மாட்டோம். மீறினால் நிகழ்ச்சி நிறுத்தப்படும் என்பதையும், எங்கள் குழுவுக்கு இனி இந்தச் சரகத்தில் அனுமதி கிடையாது என்பதையும் அறிவோம்.’ கீழே குழுப் பொறுப்பாளர் கையெழுத்து. பொறுப்பாளர் நான்தான், கற்பகம். அந்தப் பாட்டு பதினோராவதாக இருந்தது.

பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருடம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கியவள் நான். ஒன்பது வருடமாகப் பாட்டுதான் சோறு போடுகிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை இந்தச் சுற்றுவட்டாரத்துக் கொடைகளை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது. இந்தச் சரகத்தில் அனுமதி இல்லை என்றால் மறுபடி கட்டை அடுக்கத்தான் போக வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

பயம் ஊரைப் பார்த்து இல்லை. என் தம்பியைப் பார்த்துத்தான்.

சுடலைமணி ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். இருபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒரு இடத்தில் உட்கார மாட்டான். சாப்பிடும்போது காலாட்டுவான், பஸ்ஸில் நின்றால் கம்பியில் தாளம் போடுவான். எங்கள் குழுவில் மாண்டலின் அவன்தான். ஒழுங்காகத்தான் வாசித்துக்கொண்டிருந்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால் செல்போனில் அந்த எழவைப் பார்க்கிற வரை.

அமெரிக்காவில் மலைப்பக்கத்து ஆட்கள் வாசிக்கிற வாசிப்பாம், புளூகிராஸ் என்று பேராம். டிரம் கிடையாது, கீபோர்டு கிடையாது, எல்லாம் கம்பி வாத்தியம். ஆனால் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அவர்கள் தங்கள் பாட்டோடு நிற்பதில்லை. ராக் பாட்டு, டிஸ்கோ பாட்டு என்று ஊரே பாடுகிற எந்தப் பாட்டையும் பிடித்து வந்து, தங்கள் பாணியில் ஓட ஓட வாசித்துவிடுகிறார்கள். இவன் விடிய விடிய அதைப் போட்டுப் போட்டுக் கேட்டான்.

“நம்ம பாட்டையும் இப்படி வாசிச்சா எப்படியிருக்கும் யக்கா?” என்றான்.

“வெளங்கவே வெளங்காது,” என்றேன்.

நான் சொல்லிக் கேட்கிறவனா. தூத்துக்குடியில் கப்பலுக்குப் போய்வருகிற ஒருத்தனிடம் சொல்லிவைத்து ஒரு பேஞ்சோ வாங்கினான். நம் பக்கத்தில் பேஞ்சோ என்றால் பொத்தான் அமுக்கி வாசிக்கிற பெட்டி. இது வேறு. வட்டமாகத் தோல் கட்டி, நீளமாகக் கழுத்து வைத்து, பார்க்க தோசைக்கல்லுக்குக் கைப்பிடி போட்ட மாதிரி இருந்தது. குழுவில் எல்லாரும் அதைத் தோசைக்கல் என்றே சொன்னார்கள். வயலின் வாசிக்கிற வேணுகோபால் மட்டும் சிரிக்கவில்லை. பகலெல்லாம் பருத்திக்காடு, பொழுது சாய்ந்தால் இவனோடு எங்கள் வீட்டு மாடி என்று சேர்ந்துகொண்டான். இரண்டு பேரும் பழைய பாட்டு, புதுப் பாட்டு, சோகப் பாட்டு என்று பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பிடித்து ஓட்டினார்கள். ஒரு சுரம் பிசகினால் சுடலைமணி முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒரே வரியை முப்பது தடவை கேட்டு எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். ஒரு பாட்டையாவது நான் உட்கார்ந்து கேட்டதில்லை.

கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது மாடியிலிருந்து ஒரு மெட்டு வந்தது. துணி காயப்போடப் போனவள் வாளியைப் போட்டுவிட்டு ஏறி ஓடினேன்.

“ஏலே, எதுக்குலே அதைத் தொடுதே? ஒனக்கு வேற பாட்டே கெடைக்கலையா?”

“இந்த மெட்டு இந்தக் கம்பிக்குன்னே பொறந்த மாதிரி இருக்குக்கா. ரெண்டு தெருவும் நாலு வருசமா கேக்க முடியாம கெடக்கு. அதுல இருக்க சொல்லுதான வம்பு? சொல்லை எடுத்தாச்சு. நடையையும் மாத்தியாச்சு. இனிமே அது யாரு பாட்டு சொல்லு. மேலத்தெருவுதா, கீழத்தெருவுதா?”

“அது நம்ம சோத்துல விழுத மண்ணு. இனி இந்த வீட்டுல அந்தச் சத்தம் கேட்டா தோசைக்கல்லு அடுப்புக்குப் போவும்.”

அதற்குப் பிறகு மாடியிலிருந்து அந்த மெட்டு வரவில்லை. அடங்கிவிட்டான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொடையன்று பத்து மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். நானும் சுடலைமணியும் வேணுகோபாலும் ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். கீபோர்டும் ரிதம் பேடும் பூவனநாதனோடு இரண்டாவது வண்டியில் வந்துகொண்டிருந்தன. பேடு வாசிப்பவன் அவன்தான். ஆறு மணிக்கு அவனைக் கூப்பிட்டேன்.

“கயத்தாறு பைபாஸ்ல நிக்கோம்க்கா. வண்டி மக்கர் பண்ணிட்டு. மெக்கானிக்கு இப்ப வாரேன்னுருக்கான்.”

“எப்பலே வருதீங்க?”

“இப்ப வந்துருவோம்க்கா.”

அந்த ‘இப்ப’வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. மேடைக்குப் பின்னால் நடந்தேன், முன்னால் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மேடைக்கு முன்னால் இடதுபக்கம் மேலத்தெரு, வலதுபக்கம் கீழத்தெரு, நடுவில் கயிறு கட்டி ஆறு போலீஸ். கூட்டம் நிறைந்துவிட்டது. வெளிச்சம் இன்னும் போகவில்லை, கரிசல் காட்டுச் சூடு இறங்கவில்லை, எல்லாரும் விசிறிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலத்தெருப் பெரியவர் சோலைச்சாமி வந்தார். “என்ன தாயி, ஆறே கால் ஆயிட்டு.”

அவர் போனதும் கீழத்தெருப் பெரியவர் கண்ணுசாமி வந்தார். “என்னம்மா, ஆறே கால் ஆயிட்டு.” ஒருத்தர் கேட்டதை இன்னொருத்தர் கேட்காமல் இருக்கக் கூடாது, அந்த ஊரில் அப்படி.

சுடலைமணி பையிலிருந்து பேஞ்சோவை எடுத்துவிட்டான். “யக்கா, வண்டி வார வரைக்கும் நானும் வேணுவும் ஓட்டுதோம்.”

பேடு இல்லாமல் கொடைக் கச்சேரியா. எனக்கு அழுகை வந்தது. ஆனால் வேறு வழி இல்லை. “சாமி பாட்டுல ஆரம்பி. ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணினே, காலை ஒடிச்சிருவேன்,” என்றேன்.

அம்மன் பாட்டு ஒன்றை எடுத்தான். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விரல் ஓடுகிறது, கம்பி தெறிக்கிறது, வேணுகோபாலின் வில் மேலும் கீழும் பறக்கிறது, என்ன பாட்டு என்று தெரியவில்லை. “ஏலே, தோசை வெந்துட்டா?” என்று ஒருத்தன் கத்தினான், சிரித்தார்கள். அதற்குள் முன்வரிசையில் மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். “அட, ஆமா,” என்று கூட்டம் முழுக்க ஒரு சத்தம். தெரிந்ததும் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

சுடலைமணிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மைக்கைப் பிடித்தான். “அடுத்தது என்ன பாட்டுன்னு கண்டுபிடிங்க பாப்போம்.”

அது ஒப்பாரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சோகப் பாட்டு. அவன் கையில் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. மேலத்தெருவில் ஒருத்தர் கண்டுபிடித்தார். மூன்றாவதைக் கீழத்தெரு கண்டுபிடித்தது. நாலாவதுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தின. போலீஸ்காரர் ஒருவர்கூட உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஐந்து பாட்டு போனதே தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒன்பது வருடமாகத் தொண்டை கிழியப் பாடுகிறேன். யாரும் இப்படி எழுந்து நின்று கேட்டதில்லை. வண்டி சீக்கிரம் வர வேண்டும் என்று மறுபடி பூவனநாதனைக் கூப்பிட்டேன்.

“கெளம்பிட்டோம்க்கா, பத்து நிமிசம்,” என்றான்.

போனைக் காதிலிருந்து எடுத்தபோது ஆறாவது பாட்டு தொடங்கியிருந்தது. நாலு சுரம்தான் கேட்டேன். அந்தப் பாட்டு.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து பாட்டுக்குப் பேசாமல் இருந்தவள் ஆறாவதை ஏன் நிறுத்துகிறாள் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். நிறுத்தினால் நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். மேடை ஓரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அம்மா தாயே, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவ்வளவு நேரம் இரண்டு தெருவும் ஒரே தாளத்தில் கை தட்டின. கண்ணுசாமி தொடையில் தட்டிக்கொண்டிருந்தார், சோலைச்சாமியின் தலை ஆடிக்கொண்டிருந்தது. சுடலைமணி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பாத்தியா என்கிற சிரிப்பு. கொல்லலாம் போல இருந்தது எனக்கு.

பிறகு கைகள் ஒவ்வொன்றாக நின்றன. இந்தத் தடவை யாரும் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. தெரிந்துவிட்டது என்பது அதிலிருந்தே தெரிந்தது. மேலத்தெருப் பக்கம் ஒரு இளவட்டம் நாற்காலிமேல் ஏறித் துண்டைச் சுழற்றி, அந்த வரியைப் பாடினான். பாடி முடிக்கவில்லை, கீழத்தெருப் பக்கமிருந்து ஒரு நாற்காலி பறந்து வந்து கயிற்றுக்கு நடுவில் விழுந்தது. விசில் சத்தம், போலீஸ் ஓட்டம், பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். எஸ்.ஐ. மேடை ஏறிவிட்டார்.

சின்ன வயதுக்காரர், தருமபுரிப் பக்கம். இங்கே மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். துண்டு சுற்றினவனையும் நாற்காலி எறிந்தவனையும் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து விரித்தார்.

“என்ன பாட்டும்மா அது?”

“எந்தப் பாட்டும் இல்ல சார். வண்டி வார வரைக்கும் சும்மா கம்பியைத் தட்டிக்கிட்டு இருந்தான்.”

பின்னால் சுடலைமணி நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

“அந்தப் பாட்டுதான் சார்,” என்று கீழேயிருந்து கீழத்தெரு இளவட்டங்கள் கத்தினார்கள். “பதினோராவது நம்பர் சார்.” நம்பர் வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எஸ்.ஐ. பெரியவர்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். சோலைச்சாமி, “எனக்குக் காது அவ்வளவா கேக்காது சார்,” என்றார். கண்ணுசாமி, “நான் அப்ப வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்தேன் சார், கவனிக்கலை,” என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள். நாலு வருடம் கழித்து நடக்கிற கொடை, தன் வாயால் நின்றது என்று இருக்கக் கூடாது அவர்களுக்கு.

எஸ்.ஐ. தாளில் பதினோராவது வரிமேல் விரலை வைத்தார். “அந்தப் பாட்டு எனக்கும் நல்லா தெரியும். காலேஜ்ல பாடியிருக்கேன். அப்ப நான் அங்க போன் பேசிட்டு இருந்தேன், சரியா கேட்கல.” மைக்கை ஆன் பண்ணச் சொன்னார். “தம்பி, இப்ப வாசிச்சதை அப்படியே மறுபடி வாசி. எல்லார் முன்னாடியும் வாசி. அந்தப் பாட்டுன்னா நிகழ்ச்சி இத்தோட முடிஞ்சுது, அக்கா கையெழுத்துப் போட்டபடி நடக்கும். இல்லைன்னா தொடர்ந்து நடத்தலாம்.”

என் உயிர் அப்போதே போய்விட்டது. சுடலைமணிக்குத் தப்பாக வாசிக்க வராது. ஒரு சுரம் பிசகினால் முப்பது தடவை திரும்பப் போகிறவன். இரண்டு வருடமாக ஊரார் கேட்க வேண்டும் என்று தவித்தவன், இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். சொல்லை எடுத்துவிட்டால் இது எல்லாருக்கும் பொது என்று சண்டை போட்டவன். இப்போது எஸ்.ஐ. முன்னால் மைக் வைத்து வாசிக்கச் சொன்னால் அதை நிரூபிக்கத்தான் பார்ப்பான். எனக்குத் தெரியாதா அவனை. அவனிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, மைக்கும் எஸ்.ஐ.யும் பக்கத்திலேயே. தீப்பெட்டி ஆபீசின் மருந்து வாடை அங்கேயே என் மூக்கில் ஏறியது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வாசித்தான். 

அதே வேகம், அதே விரல். முதல் வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் இறங்கினான். நின்று இழைய வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடினான். வேணுகோபால் ஒரு கணம் விழித்துவிட்டு, வில்லை மடியில் வைத்துவிட்டான். சுடலைமணி தனியாக ஓட்டினான். கட்டையும் கம்பியும் இடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். கூட்டத்தில் முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பிறகு இரண்டு தெருவும் சிரித்தன. “கல்லு கருகிட்டுலே,” என்று ஒருத்தன் கத்தினான். “எவன்லே இவனை மேடை ஏத்தினது,” என்றான் இன்னொருத்தன். சற்றுமுன் எழுந்து நின்று கைதட்டியவர்கள்தான்.

நான் அப்போதுதான் கேட்டேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் வாசிப்பை முழுசாகக் கேட்டேன். பாட்டுத் தெரியாதவன் தப்பாக வாசித்தால் அங்கங்கே தற்செயலாகவாவது சரியான சுரம் விழுந்துவிடும். இவன் வாசிப்பில் ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒட்டினாற்போல் போய், தொடாமல் விலகினான். அந்தப் பாட்டு ரத்தத்தில் ஊறிப்போனவனால் மட்டும்தான் அப்படித் தப்ப முடியும். போதும், நிறுத்துலே என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. எனக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது.

கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினான். 

எஸ்.ஐ.யும் சிரித்துவிட்டார். “இதையா அந்தப் பாட்டுன்னீங்க?” என்று கீழத்தெரு இளவட்டங்களைப் பார்த்துக் கேட்டார்.

“வேணும்னே மாத்தி வாசிக்கான் சார். மொதல்ல ஒழுங்கா வாசிச்சான்,” என்றான் அவர்களில் ஒருத்தன்.

“ஒழுங்குன்னா எப்படி? நீ பாடிக் காட்டு, கேட்போம்.” மைக்கை அவன் பக்கம் நீட்டினார்.

அவன் வாயைத் திறந்தான். கீழத்தெருக்காரன், அந்த வரியை, மேலத்தெரு அவ்வளவும் கேட்க, மைக்கில் பாட வேண்டும். அவன் முகம் கறுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

எஸ்.ஐ. தாளை மடித்துப் பையில் வைத்தார். “சரிம்மா, நடத்துங்க. ஆனா இந்தத் தம்பி இனிமே வேண்டாம். ஜனங்க பாவம்.”

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. பூவனநாதன் பேடைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவந்து ஒயர் மாட்டத் தொடங்கினான். சோலைச்சாமி கை காட்டினார், ஆரம்பிங்க என்று. கண்ணுசாமியும் கை காட்டினார். சுடலைமணி மேடைப் படியில் உட்கார்ந்து பேஞ்சோவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். ஜிப் சரியாக ஏறவில்லை, இழுத்து இழுத்துப் பார்த்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். 

“யாருக்கும் அடையாளம் தெரியலைல்லா யக்கா?” என்றான், நிமிராமல்.

பூவனநாதன் பேடில் தாளத்தை ஆரம்பித்துவிட்டான். மைக்கை எடுத்துக்கொண்டு நான் போயாக வேண்டும். குனிந்து அவன் தலையில் கை வைத்தேன்.

“எனக்குத் தெரிஞ்சுதுலே,” என்றேன். “ஒண்ணு விடாமத் தெரிஞ்சுது.”